அடி தட்டாத வழி

வழி சொல்வது, சும்மா சொல்லும்வரை புண்ணியம். அதற்குச் சம்பளம் வாங்க ஆரம்பித்தால் வம்பு. யாருக்காவது வழி சொல்லி, அவர்கள் எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு, திரும்பி வந்து உங்களைத் திட்டியிருந்தால் நீங்களும் என் கட்சிதான். என் பாட்டையும் கேளுங்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன், அதுவும் தமிழில். திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் இருபத்திரண்டு வருஷம் வேன் ஓட்டினேன். பெரிய முதலாளி காலமானதும் அவர் மகன் கிஷோர் நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்த மாதமே டிரைவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை. பலகையில் இருந்ததெல்லாம் இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எழுத்து பளிச்சென்று தெரிந்தது; அது என்ன எழுத்து என்றுதான் தெரியவில்லை. பார்வை குறைவு என்று எழுதி என்னிடமிருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிவிட்டார்கள். சீட்டில் கையெழுத்துப் போட்ட அந்தச் சின்ன டாக்டரின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

பிறகு கிஷோர் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். தீப்பெட்டி மாதிரி சின்ன வண்டி. இரண்டே சீட்டு, மேல்கூரை மடங்கும். மலையும் ஏரியும் பார்த்துக்கொண்டே ஓட்டிப்போக ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு நாள் வாடகைக்கு விடுவான். அவர்களே ஓட்டலாம்; நான் தொடக்கூடாது. எந்த வழியாகப் போவது, எங்கே நிறுத்திப் பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று தாளில் எழுதிக் கொடுப்பது என் வேலை. பெரிய சிக்கல் என்னவென்றால், அந்தக் காரின் வயிறு தரையிலிருந்து ஆறு விரல் உயரம்தான். நம் ஊர் வேகத்தடைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆறு விரல் உயரத்துக்கு ஒரு மரக்கட்டை அறுத்து வைத்துக்கொண்டேன். முன்கூட்டியே மொபெட்டில் அந்த வழியில் போய், ஒவ்வொரு வேகத்தடையின் பக்கத்திலும் கட்டையை நிறுத்தி, குனிந்து பார்ப்பேன். கட்டை உயரமாக இருந்தால் அந்த வழி. மேடு உயரமாக இருந்தால் வேறு வழி. அறுபத்துமூன்று வயதில் ரோட்டில் மண்டி போட்டுப் பிழைக்க வேண்டி வந்தது. இந்த வேலையும் போனால் வேறு யாரும் கூப்பிடப் போவதில்லை. வீட்டில் அடுப்பு இதை வைத்துத்தான் எரிகிறது. அது கிஷோருக்கும் தெரியும். தெரிந்துதான் வண்டி வந்த அன்றே சொன்னான்:

"மாமா, அடி ஒருவாட்டி தட்டிச்சின்னா நீங்க அப்படியே வூட்டுக்குப் போயிடுங்க. மறுநாள் வர வேணாம். புரிஞ்சுதா, அர்த்தமயிந்தா?"

ரெண்டே சீட்டு

முதல் வாடிக்கையாளர் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் பையன். காஞ்சிபுரத்துப் பக்கம். கல்யாணமாகி ஒரு மாதம். போனில் "தலகோனா அருவி, நானும் ஒய்ஃபும்" என்றான். நான் இரண்டு நாள் கட்டையும் கையுமாக அலைந்து, புளியமரங்கள் கூடாரம் போட்ட மாதிரி இருக்கிற ரோடாகப் பார்த்து எழுதி வைத்தேன். சனிக்கிழமை காலையில் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள், மூன்று பேர். மூன்றாவது ஆள் மாமியார். கையில் தயிர்சாதத் தூக்கு வேறு.

அந்த அம்மா நடுவில் ஒண்டிக்கொள்கிறேன் என்று கியர் மேலேயே உட்காரப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கட்டையைக் காருக்கு அடியில் வைத்தேன். நுழையவில்லை. நான்கு விரலுக்கு இறங்கிவிட்டது. "ஒருத்தர் இறங்கியே ஆகணும்" என்று கையைக் கூப்பினேன். அந்தப் பெண்ணுக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. மாமியார் ஜம்மென்று முன்சீட்டில் சாய்ந்துகொண்டு, தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, மருமகனைப் பார்த்துச் சொன்னார்:

"மாப்ள, தலகோனாவுக்கு பஸ்ஸு கீதாமே. நீங்க அதுல வந்துடுங்க, நாங்க முன்னாடி போய் எடம் புடிக்கிறோம்."

சீக்கிரம் வந்த குற்றம்

திருமலைக்குக் காரில் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் நேரம் போட்டு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். இத்தனை நிமிஷத்துக்கு முன்னால் மேலே போய்ச் சேரக் கூடாது என்று கணக்கு. முன்னால் போய்ச் சேர்ந்தால், வேகமாக ஓட்டினாய் என்று அபராதம். பழைய டிரைவர்கள் எல்லாம் கடைசி வளைவுக்கு முன்னால் ஓரமாக நிறுத்தி, காலை நீட்டி, நேரம் கழித்துவிட்டுத்தான் போவோம். நான் தாளில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'மேலே போகிறதுக்கு முன்னாடி நிற்கவும். சும்மா நிற்கவும்.'

மெட்ராஸிலிருந்து வந்த ஆள். கறுப்புக் கண்ணாடி, காதில் ஒரு கம்மல். தாளை என் கண் முன்னாலேயே நாலாக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அந்த மடிப்பையும் நான் மறக்கவில்லை. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, போன் வந்தது. அடி தட்டிவிட்டதோ என்று பயந்துகொண்டே எடுத்தேன். காதில் வைத்தால் அந்தப் பக்கம் ஒரே கூச்சல்:

"யோவ் பெரியவரே, ராங் சைடுல வந்ததுக்கு ஃபைன் கட்டிக்கீறேன், நோ பார்க்கிங்ல உட்டதுக்குக் கட்டிக்கீறேன். சாமிகிட்ட சீக்கிரம் வந்ததுக்கு ஃபைன் கட்டறது இதான்யா மொத தபா!"

டோக்கன்

இது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். சித்தூரிலிருந்து பங்காருபாளையம் வழியாக, இரண்டு பக்கமும் மாந்தோப்பு பார்த்துக்கொண்டே போகட்டும் என்று எழுதினேன். மேடுகளை எல்லாம் அளந்தேன். மாங்காய் சீசன் தொடங்கிவிட்டது என்பதை மறந்துபோனேன். மாங்கூழ் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றால், ரோட்டோரம் கண்ணுக்கெட்டின தூரம் வாலாக நீளும். அது தெரியாமல் அவர்கள் ஏதோ டிராஃபிக் ஜாம் என்று நினைத்து வரிசையின் கடைசியில் போய் மரியாதையாக நின்றுவிட்டார்கள். பேங்கில் இருந்தவர் அல்லவா, வரிசையை மீறுவது அவர் ரத்தத்தில் இல்லை.

மத்தியானம் கிஷோர் கத்த, நான் மொபெட்டில் ஓடினேன். நான் பார்த்த காட்சி! முன்னால் பதினைந்து டிராக்டர், பின்னால் முப்பது டிராக்டர், நடுவில் சிவப்பாக அந்தக் கார். காருக்குள் சீட்டு தெரியவில்லை. 'பாவம், நிக்கிறாங்களே' என்று டிராக்டர்காரர்கள் ஆளாளுக்கு இரண்டு இரண்டு தோத்தாபுரி போட்டதில், அந்த அம்மாள் கழுத்துவரை மாங்காய்க்குள் உட்கார்ந்திருந்தார். அந்த எடையில் காரின் வயிறு தரையைத் தொட ஒரு விரல்தான் பாக்கி. ஃபேக்டரி ஆள் ஒருவன் வந்து டோக்கன் வேறு கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மேனேஜர் அதைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தார். மாங்காயை இறக்கி, வரிசையிலிருந்து காரை மெதுவாக வெளியே எடுக்கச் சொன்னேன். பின்னாலிருந்த டிராக்டரிலிருந்து ஒருத்தர் குதித்து ஓடிவந்தார். உதவிக்கு வருகிறார் என்று நினைத்தேன். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் கெஞ்சினார்:

"சார், நீங்க போறதா இருந்தா அந்த டோக்கன எனக்குக் குடுத்துட்டுப் போங்க சார். நேத்துலருந்து நின்னுகினு கீறேன்."

நடுரோட்டில் அர்ச்சனை

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை என்கிற அம்மன் திருவிழா நடக்கும் வாரத்தில் வேஷம் போட்டவர்கள் தெருவில் வருவார்கள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார்கள். எதிரில் யார் வந்தாலும் உண்டு. அது வேண்டுதல், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எனக்கு வருஷத்தில் எந்த வாரமும் திட்டு விழுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. ஆனால் ராணிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டருக்கு அது தெரியாது. மேல்கூரையை மடித்துப் போட்டுக்கொண்டு, தன் சம்சாரத்துடன் ஆபீசுக்கு வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்துகொண்டிருந்தார். ஒரு வேஷக்காரர், முகமெல்லாம் பொட்டு, திறந்த காருக்குள் அப்படியே குனிந்து, அவருடைய ஏழு தலைமுறையையும் தெலுங்கில் ஒரு சுற்று, தமிழில் ஒரு சுற்று திட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

ஹெட்மாஸ்டர் ஆபீசுக்குள் நுழைந்தபோது முகம் வெந்த கத்தரிக்காய் மாதிரி இருந்தது. போலீசுக்குப் போவேன், இந்த வழியை எழுதிய முட்டாள் யார் என்றார். நான் கையைத் தூக்கினேன். 'முட்டாள்' என்ற சொல்லைக் குறித்துக்கொண்டேன். நல்லவேளை, வண்டியின் அடியைத் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. அந்த அம்மாள் மட்டும் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அழுகிறார் என்றே முதலில் நினைத்தேன். தலைப்பை எடுத்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"முப்பத்தஞ்சு வருஷமா நான் மனசுக்குள்ளயே வச்சிருந்தத, அந்தப் புண்ணியவான் ஒரு வார்த்த வுடாம சொல்லிட்டுப் போனாருங்க."

சூஸ்தாம்

எங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ்தான் பேசுவோம். ஆபீஸ் காரியம் என்றால் தெலுங்கு. அதில் இரண்டு சொற்களை எல்லாரும் தெரிந்து வைத்திருப்பார்கள். அதிகாரி 'சூஸ்தாம்' என்றால் பார்க்கலாம் என்று பொருள். அதாவது நடக்காது, வீட்டுக்குப் போ. 'சேஸ்தாம்' என்றால் செய்கிறோம்; அதாவது நடந்தமாதிரி. முதல் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

குடிபாலா பக்கம் ஏரிக்கரையை ஒட்டி ஒரு ஊர் ரோடு. பார்க்க அத்தனை அழகு. அங்கே ஒரே ஒரு வேகத்தடை, தேய்ந்து தோசை மாதிரி கிடந்தது. நான் வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் நோட்டு, மண்டி போட்டுக் கட்டையை வைத்து அளந்துகொண்டிருந்தேன். வாய் நிறைய வெற்றிலை. தலை நிமிர்ந்தால் இருபது பேர் நிற்கிறார்கள். முன்னால் நின்றவர் ஏழுமலை. கூலி வேலை செய்து, இப்போது இரண்டு ஏக்கரில் நிலக்கடலை போடுகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "சாரு எந்த டிபார்ட்மெண்டு?" என்றார். என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒரு காரின் வயிற்றுக்காக அளக்கிறேன் என்று எப்படிச் சொல்வது? வாயில் வெற்றிலை இருந்ததும் வசதியாகப் போயிற்று. சும்மா இருந்தேன்.

"சார், இந்த மேடு இன்னாத்துக்கு ஆவும்? பால் வண்டி, மண் லாரி எல்லாம் பறக்குது. போன மாசம் எம் பொண்ணு சைக்கிளோட வுழுந்து கை ஒடிஞ்சிப் போச்சு. இத நல்லா ஒசத்திப் போடச் சொல்லுங்க சார்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் சேர்ந்துகொண்டார்கள். தப்பித்தால் போதும் என்று, எச்சிலை விழுங்கி, அதிகாரிக் குரலில் "சரே, சூஸ்தாம்" என்று சொல்லிவிட்டு மொபெட்டை உதைத்தேன். வெற்றிலைக்கு நடுவில் அது எப்படி வெளியே வந்ததோ தெரியாது. வண்டி கிளம்பும்போது ஏழுமலை கூட்டத்திடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. கிண்டல் செய்கிறார் என்று நினைத்துப் போய்விட்டேன்:

"பாத்தியா, மனு எய்தாமயே வேல முடிஞ்சி போச்சு!"

மேடு

நான்கு நாள் கழித்து, சனிக்கிழமை. வேலூரிலிருந்து வந்த பல் டாக்டரும் அவர் மனைவியும் அந்த ஏரிக்கரை வழியில் போனார்கள். பத்து மணிக்குக் கிஷோருக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தான். ஜீப் சாவியை எடுத்தான். வழி முழுக்க நான், "அங்க மேடே இல்லப்பா, தோசை மாதிரி கிடந்தது, நானே அளந்தேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

போய்ப் பார்த்தால், தோசை இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு. ஊரே கூடி ஜல்லி கொட்டி, சிமெண்ட் பூசி, சுண்ணாம்பில் பட்டை அடித்து, நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வேறு நசுக்கியிருந்தார்கள். அதன் உச்சியில் சிவப்புக் கார், முன்சக்கரம் ஒரு பக்கம் தொங்க, பின்சக்கரம் ஒரு பக்கம் தொங்க, குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை மாதிரி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. பல் டாக்டரும் மனைவியும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இளநீர் வெட்டிக் கொடுத்திருந்தார்கள்.

"எவன்டா இத போடச் சொன்னது?" என்று கிஷோர் கத்தினான். ஏழுமலை பயப்படவில்லை. பெருமையாக என்னைக் காட்டினார். "இதோ, சாருதான். அளந்து பாத்து 'சேஸ்தாம்'னாரு. டிபார்ட்மெண்டுல வர லேட்டாவும்னு நாங்களே ஊருக்காசுல போட்டுட்டோம்." கூட்டம் கை தட்டியது. "சூஸ்தாம்னுதான் சொன்னேன்!" என்று நான் அலறினேன். "இல்ல சார், சேஸ்தாம்னுதான் சொன்னீங்க, நாங்க இருவது பேரு கேட்டோம்" என்றார்கள். நடுரோட்டில் நின்று ஒரு எழுத்துக்காக நான் ஒருத்தனாக இருபது பேரோடு மல்லுக்கட்டினேன். கிஷோர் கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினான். "சூவோ, சேவோ. வூட்டுக்குப் போங்க மாமா" என்றான். குரலை உயர்த்தவில்லை. அவன் கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை. இதையும் மறக்கமாட்டேன். லாரி வந்து காரைத் தூக்கிக்கொண்டு போயிற்று. ஜீப்பில் டாக்டரும் மனைவியும் ஏறிக்கொண்டார்கள். என்னை ஏறச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அங்கேயே ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு மண் லாரி வேகமாக வந்தது. மேட்டைப் பார்த்ததும் முக்கி முனகி, ஆளைப்போல் நடந்து தாண்டியது. இரண்டு பெண் பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே நிதானமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்கள். ஒருத்தி கையில் மாவுக்கட்டு. எனக்கு அந்தப் பெண்ணிடம் கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியவில்லை, அதுதான் அன்றைக்குப் பெரிய அதிர்ச்சி. ஏழுமலை தன் பைக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் விடுகிறேன் என்றார். ஏறினேன். கொஞ்ச தூரம் போனதும், காற்றில் தலையைத் திருப்பி, மெதுவாக, ஒரு துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசினார்:

"எங்களாலதான் சார் உங்கள சஸ்பெண்டு பண்ட்டாங்க. கவலப்படாதீங்க, எங்க சித்தப்பா மவனும் கவுர்மெண்டுதான்; சஸ்பெண்டு ஆனா வூட்டுல உக்காந்துகினே அர சம்பளம் வரும் சார்!"

இத்தனையும் உட்கார்ந்து எழுத எனக்கு நேரம் கிடைத்திருப்பதிலிருந்தே, சஸ்பெண்ட் நீங்கவில்லை என்பதையும் அந்த அரைச் சம்பளம் இன்னும் வந்துசேரவில்லை என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.